துடைக்கிற கை

முன்கண்ணாடி மாற்ற வருகிற வண்டி எதுவானாலும் கண்ணாடிக்காரர் முதலில் செய்வது ஒன்றுதான். இடது கையில் ஸ்பிரிட் பாட்டில், வலது கையில் பழைய பனியன் துணி. விரிசல் விட்ட இடத்தைச் சுற்றி நன்றாகத் துடைப்பார். பிறகு அதன் மேல் அகலமான டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவார். அழுக்கு இருந்தால் டேப் ஒட்டாது. டேப் ஒட்டாவிட்டால் பொடிக்கண்ணாடி உதிர்ந்து டேஷ்போர்டின் காற்றுத் துவாரங்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், ஏசி போடுகிறபோது ஓட்டுகிறவன் கண்ணைத் தேடி வரும். இதைச் செய்து செய்து, கண் பார்ப்பதற்கு முன்பே கை துடைத்து முடித்திருக்கும்.

அன்று காலை வந்தது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அது தானாக ஓடி வரவில்லை. லாரி மேல் ஏறி, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, நோயாளி மாதிரி வந்து இறங்கியது. தரையை மோந்து பார்க்கிற உயரம்தான் அதற்கு. கண்ணாடிக்காரரின் மனைவிக்குத் தம்பி அவரோடு அதே பட்டறையில் ஜோடியாக வேலை பார்க்கிறான். அவன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"இதுல ஏறி உட்காரணுமா, இல்ல பாய விரிச்சுப் படுக்கணுமா மாமா?"

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. முதலாளி அலுவலக அறை வாசலில் நின்று சொன்னார். "கல்லு பட்டுடுச்சாம். புதுக் கண்ணாடி பெட்டியில வந்திருக்கு. சாயங்காலம் அவரே வந்து எடுத்துக்குவாரு. பெரிய இடம். ஒரு கீறல் விழக் கூடாது."

ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கைக்கு நேராக, ஒரு தட்டு அகலத்துக்குக் கண்ணாடி உள்பக்கமாக அமுங்கி இருந்தது. அந்தப் பள்ளத்திலிருந்து நாலாபக்கமும் விரிசல்கள் ஓடின. விரிசல்களில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. கண்ணாடிக்காரரின் மனம் அங்கே இல்லை. அது ஆஸ்பத்திரியில் தன் கூடப்பிறந்த தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. கை துடைத்தது. காய்ந்தது லேசில் வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றி, நகத்தால் துணியை அழுத்தித் தேய்த்தார். துணி பழுப்பானது, கண்ணாடி சுத்தமானது. டேப்பை ஒட்டிவிட்டுத் துணியைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டார்.

தம்பி வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். போன வாரம் ஒரு சிக்னலில் யாரோடோ தகராறு. இப்போது தலையில் கட்டு, தாடையைக் கம்பி போட்டு இறுக்கியிருக்கிறார்கள், வாய் திறந்து ஒரு சொல் சொல்ல முடியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அடித்தவனைப் பிடிக்க அல்ல, அடிபட்டவன் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள. தம்பிதான் ஹெல்மெட்டைக் கழற்றி ஒருவருடைய காரின் கண்ணாடியை உடைத்தானாம். உடைத்துவிட்டு ஓடும்போது தடுக்கி விழுந்தானாம். புகார் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் நேரே ஜெயில்தான் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள்.

"அவரு கையால ஒரு கொசு செத்ததில்ல மாமா," என்று தம்பியின் மனைவி அழுதாள். "அவரு போயி கண்ணாடிய உடைச்சாராம். பார்த்தவங்க யாருமே வரமாட்டேங்கறாங்க."

யார் வருவார்கள்? சிக்னலில் நின்றவனெல்லாம் பச்சை விழுந்ததும் போய்விட்டான்.

கண்ணாடிக்காரர் வைப்பர்களைக் கழற்றினார். கண்ணாடிக்குக் கீழே, பானெட் ஓரத்தில் இடுக்கு விட்ட ஒரு கறுப்புத் தகடு இருக்கும். அதைத் தூக்கினால் தண்ணீர் வடிகிற பள்ளம். எந்த வண்டியிலும் அங்கே காய்ந்த இலையும் மண்ணும் சேர்ந்திருக்கும். இந்த வண்டியில் அதுகூட இல்லை. துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி இருந்த பள்ளத்தின் மூலையில் ஒரே ஒரு பல் கிடந்தது.

வேரோடு வந்த கோரைப்பல். அதன் மேல் எவர்சில்வர் உறை.

சின்ன வயதில் தம்பியை சைக்கிள் பாரில் உட்கார வைத்து மேட்டிலிருந்து இறக்கத்தில் விட்டவர் கண்ணாடிக்காரர்தான். விழுந்ததில் அவருக்கு முழங்கை போயிற்று, தம்பிக்குக் கோரைப்பல் பாதி போயிற்று. வளர்ந்த பிறகு அதற்கு உறை போட்டார்கள். சிரித்தால் ஓரமாக மின்னும். அதற்குக் கூச்சப்பட்டுத் தன் கல்யாணப் போட்டோக்களில் எல்லாம் வாயை மூடிக்கொண்டே நின்றான் அந்தப் பயல். எல்லாரும் அவனை மாப்பிள்ளை முறுக்கு என்று கேலி செய்தார்கள்.

கண்ணாடிக்காரர் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு பானெட்டின் மேல் சாய்ந்தார்.  சாயக் கூடாது, கீறல் விழும் என்று அப்போதும் தோன்றியது. நிமிர்ந்து நின்றார். பிறகு டேப்பின் ஒரு மூலையை மெல்ல உரித்துப் பார்த்தார். மேல்பரப்பில்தான் அவர் துடைத்திருந்தார். விரிசல்களின் வாய் கவ்விப் பிடித்த முடிகள் அப்படியே இருந்தன. கறுத்த, குட்டையான, பத்துப் பன்னிரண்டு முடிகள். டேப்பைத் திரும்ப அழுத்தினார்.

"இங்க வா மச்சான்."

மைத்துனன் பல்லைப் பார்த்ததும் அவன் முகத்திலிருந்த விளையாட்டு இறங்கிப் போனது.

"ஹெல்மெட்டால அடிச்சா சின்னதா ஒரு குழி விழும், நமக்குத் தெரியும்," என்றார் கண்ணாடிக்காரர், குரலைத் தாழ்த்தி. "இது தலை. மண்டைய பிடிச்சு மோதியிருக்கான். ஒரு தடவை இல்ல. ஒரே இடத்துல திரும்பத் திரும்ப."

"மாமா..."

"நான் துடைச்சுட்டேன்டா. தம்பி ரத்தத்த நானே தேய்ச்சுத் துடைச்சேன். வரமாட்டேங்குதேன்னு நகத்தப் போட்டுத் தேய்ச்சேன்."

மைத்துனன் அலுவலக அறைப் பக்கம் பார்த்தான். முதலாளி போனில் இருந்தார். "ஏழை சொல்லு அம்பலம் ஏறாது மாமா. நம்மள யாரு கேட்பாங்க?"

"சொல்லு ஏறாது. அதனாலதான் கண்ணாடியே வேணும். இத முழுசா எடுத்து வக்கீல்கிட்ட கொண்டுபோயி வைப்போம். முடி இருக்கு. பள்ளம் இருக்கு. தம்பியே வாய் திறந்து பேசற மாதிரி."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

கண்ணாடிக்காரர் பல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மைத்துனன் கம்பியை எடுத்தான்.

முன்கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்துவைத்திருப்பது கறுப்புப் பசை. அதை அறுக்க முறுக்குக் கம்பி வேண்டும், ஆள் இரண்டு வேண்டும். ஒரு மூலையில் பசையைக் குத்தித் துளைத்துக் கம்பியை நுழைப்பார்கள். ஒருவன் உள்ளே உட்கார்ந்து ஒரு முனையை இழுக்க, இன்னொருவன் வெளியே நின்று மறுமுனையை இழுக்க, மரம் அறுப்பதுபோல ஓரமாகவே அறுத்துக்கொண்டு போக வேண்டும். பழைய கண்ணாடி என்பதால் யாரும் பார்த்துப் பார்த்து அறுப்பதில்லை. நாலு இழுப்பு, ஒரு உதை, வந்துவிடும். வந்ததை முழங்காலில் மடக்கிக் குப்பைத் தொட்டியில் எறிவார்கள்.

அன்று கண்ணாடிக்காரர் உள்ளே உட்கார்ந்து அங்குலம் அங்குலமாக இழுத்தார். அமுங்கிய பள்ளம் அவர் முகத்துக்கு நேரே புடைத்துக்கொண்டு நின்றது. கம்பி போய்வரும் ஒவ்வொரு முறையும் அது லேசாக நடுங்கியது. "மெதுவா மச்சான், மெதுவா," என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கம்பியின் மரப்பிடி உள்ளங்கையில் கொப்பளம் கட்டி, அதுவும் உடைந்தது.

அறுத்து முடித்ததும் இருவரும் அதைக் கவ்விப் பிடிக்கிற ரப்பர் பிடிகளைப் போட்டுத் தூக்கினார்கள். அடிமேல் அடி வைத்து நடந்து, பட்டறையின் பின்சுவரில் கோணிகளை விரித்து அதன் மேல் நிற்க வைத்தார்கள். முன்னால் பழைய கதவு ஒன்றைச் சாய்த்து மறைத்தார்கள்.

போன் பேசி முடித்து வெளியே வந்த முதலாளி இதையெல்லாம் பார்த்தபடி நின்றார். அவரும் ஒரு காலத்தில் கண்ணாடி மாட்டியவர்தான். பழைய கண்ணாடியை இப்படி யாரும் தூக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.  திரும்பவும் உள்ளே போய்ப் போனை எடுத்தார்.

வண்டிக்குச் சொந்தக்காரன் சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. புதுக் கண்ணாடியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் படுக்க வைத்து ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே வந்துவிட்டான். முப்பது வயது இருக்கும். நல்ல உடற்பயிற்சி செய்த தோள். வலது கை மணிக்கட்டில் சுளுக்குக்குக் கட்டுகிற பட்டை சுற்றியிருந்தது. சிரித்த முகம்.

"பழைய கண்ணாடி எங்க?"

"குப்பை வண்டியில போட்டாச்சு சார்," என்றார் கண்ணாடிக்காரர்.

அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு, பின்சுவர்ப் பக்கம் கையை மட்டும் காட்டினார்.

கண்ணாடிக்காரர் முந்திக்கொண்டு போய் அந்தப் பழைய கதவுக்கு முன்னால் நின்றார். 

"இது என் தம்பி தலை பட்ட இடம். இத உடைக்க விடமாட்டேன்."

"தம்பியா," என்றான் வண்டிக்காரன், ஏதோ நல்ல செய்தி கேட்டவன்போல. "ஷட்டர இறக்குங்க."

முதலாளி தயங்கினார். "சார், இங்க வேண்டாம் சார். நான் பேசிக்கறேன்." அவன் திரும்பிப் பார்த்ததும் ஷட்டரை இறக்கினார். பட்டறைக்குள் குழல்விளக்கு வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

மேசையில் கிடந்த ரப்பர் பிடியை வண்டிக்காரன் எடுத்துக் கையில் கனம் பார்த்தான். அலுமினியக் கைப்பிடி, இரண்டு பக்கமும் ரப்பர் கிண்ணம். முதல் அடி கண்ணாடிக்காரரின் வலது முன்கையில் விழுந்தது. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.  அவர் கதவை இடது கையால் பிடித்துக்கொண்டார். இரண்டாவது அடி புருவத்தைக் கிழித்தது. பிறகு அவன் பிடியைக் கீழே போட்டுவிட்டுச் சட்டையைக் கொத்தாகப் பற்றி, இழுத்து, பட்டை சுற்றாத கையால் வாயில் குத்தினான். குத்துகிறபோதும் மூச்சு வாங்காமல் எண்ணி எண்ணிக் குத்தினான். மைத்துனன் ஓடிவந்து இடுப்பைப் பிடித்தான். முழங்கையால் ஒரு இடி வாங்கி டயர்களுக்கு நடுவே போய் விழுந்தான்.

சட்டைப் பை கிழிந்தது. அதிலிருந்த பல் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது.

கண்ணாடிக்காரரின் வாயெல்லாம் ரத்தம். வண்டிக்காரன் குனிந்து பார்த்தான்.

"பல்லு கழண்டுடுச்சு போல," என்றான். ஷூ நுனியால் ஒரு தட்டு. வண்டி கழுவுகிற தண்ணீர் ஓடும் கால்வாயின் கம்பி இடுக்கில் அது விழுந்து மறைந்தது. கண்ணாடிக்காரர் ஒரு கையை நீட்டியபடி அந்தப் பக்கம் தவழ்ந்தார். அவருடைய பல்லுக்குத்தான் தவழ்கிறார் என்று நினைத்து அவன் சிரித்தான்.

வண்டிக்காரனும் முதலாளியும் கதவை நகர்த்திக் கண்ணாடியை இழுத்துத் தரையில் போட்டார்கள். மைத்துனனை எழுப்பி, "ஏறி மிதி," என்றான் வண்டிக்காரன். அவன் அசையவில்லை.

"மிதிடா," என்றார் முதலாளி. அவர் குரல் உடைந்திருந்தது. "உன் மாமன் உயிரோட வீட்டுக்குப் போகணும்னா மிதி. எனக்கும் குடும்பம் இருக்கு, உனக்கும் இருக்கு."

மைத்துனன் ஏறி மிதித்தான். அழுதுகொண்டே மிதித்தான். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. எவ்வளவு மிதித்தாலும் பொடிப்பொடியாக வெடிக்குமே தவிர, பிரிந்து சிதறாது. கோரைப்பாய் மாதிரி மடங்கியது, மறுபடி விரிந்தது. பள்ளம் இருந்த இடம் அப்படியே இருந்தது. மேலே ஒட்டிய டேப் முடிகளைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் சுவரில் சாய்ந்து அதைப் பார்த்தார். அந்த நிலையிலும் அவர் நெஞ்சில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது.

"என்ன கருமம் இது, உடையவே மாட்டேங்குது," என்றான் வண்டிக்காரன். பெயிண்ட் பகுதியில் போய்த் தின்னர் டின்னை எடுத்து வந்தான். டேப்பின் மேலேயே ஊற்றி, லைட்டரைப் பற்றவைத்துப் போட்டான்.

நீலமாகப் பிடித்து மஞ்சளாக எழும்பியது. டேப் சுருண்டது. பிளாஸ்டிக் உருகிக் கறுப்பாகச் சொட்டியது. அந்த நாற்றத்துக்கு நடுவில் மயிர் பொசுங்குகிற வாசனை ஒரு கணம் தனியாக வந்து போயிற்று. மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தீ அணைந்ததும் முதலாளி சாம்பலையும் கண்ணாடியையும் வாரித் தொட்டியில் போட்டார். வண்டிக்காரன் கை கழுவினான்.

"புதுசை மாட்டச் சொல்லுங்க. நான் வெயிட் பண்றேன்."

"அவனால முடியாது சார். கை போயிடுச்சு. நாளைக்கு வேற ஆள வைச்சு..."

"இவர்தான் நல்லா மாட்டுவார்னு நீங்கதானே சொன்னீங்க. மாட்டட்டும். மாட்டிட்டு வீட்டுக்குப் போகட்டும். ஷட்டர் அதுக்கப்புறம்தான் ஏறும்." பிறகு கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பி, "இதுக்கான காசு உன் தம்பிகிட்டதான் வரும். கோர்ட்டுல போட்டு வாங்கிக்குவேன். அதனால ஒழுங்கா மாட்டு," என்றான்.

கண்ணாடிக்காரர் சுவரைப் பிடித்து எழுந்தார். எழும்போது இடது கை இடுப்புக்குப் பின்னால் பட்டது. பின்பாக்கெட்டில் துணி இருந்தது.

காலையில் துடைத்த துணி. நகம் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எடுத்த பழுப்பு முழுக்க அதில் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல் போயிற்று, முடி எரிந்தது. ஆனாலும் தம்பியின் ரத்தம் இவர் பாக்கெட்டில் இருக்கிறது. இவ்வளவு நேரம் அடித்தவன் அதை மட்டும் பார்க்கவில்லை.  எப்படியாவது இந்த ஷட்டரைத் தாண்டி வெளியே போய்விட வேண்டும். ஆஸ்பத்திரியில் சோதித்தால் யார் ரத்தம் என்று தெரிந்துவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். சுத்தமான ஒரு கவரில் போட்டு வக்கீலிடம் கொடுத்துவிட வேண்டும்.

"வா மச்சான், முடிச்சுட்டுப் போவோம்," என்றார். உதடு வீங்கியிருந்ததால் சொல் குழறியது.

மைத்துனன் அவரை ஆச்சரியமாகப் பார்த்தான். முறிந்த கையை அவன் ஒரு கயிற்றால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டான். பசைத் துப்பாக்கியை இடது கையால் பிடித்துச் சட்டத்தைச் சுற்றிக் கண்ணாடிக்காரர் பசை வைத்தார். கை மாறியும் கோடு கோணவில்லை. புதுக் கண்ணாடியை அவர் ஒரு முனையிலும், மைத்துனனும் முதலாளியும் மறுமுனையிலுமாகத் தூக்கினார்கள். பல்லைக் கடிக்க முடியாமல் கண்ணை இறுக்கிக்கொண்டு இறக்கினார். கண்ணாடி தன் இடத்தில் உட்கார்ந்தது. ஓரங்களை உள்ளங்கையால் தட்டிச் சமமாக்கினார். முன்கை வலியில் பார்வை இரண்டாகத் தெரிந்தது. வெளியே போனதும் முதலில் கவர் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தட்டினார்.

கடைசியாக மேல் ஓரத்தைப் பார்க்கக் குனிந்தபோது கிழிந்த புருவத்திலிருந்து ரத்தம் சொட்டியது. கண்ணாடியின் நடுவே விழுந்து, சரிவில் கோடாக இறங்கியது. இன்னொரு சொட்டு. இன்னொன்று.

"கண்ணாடில அழுக்கு," என்றான் வண்டிக்காரன், போனிலிருந்து ஒரு கணம் மட்டும் கண்ணைத் தூக்கி.

கண் பார்ப்பதற்கு முன்பே கை பின்பாக்கெட்டுக்குப் போய்விட்டது. மைத்துனன் பக்கத்தில் நின்று, "மாமா, துணி, அந்தத் துணி," என்று வாயெடுத்தான். அதற்குள் ஸ்பிரிட் பாட்டில் கவிழ்ந்து, துணி நனைந்து, கண்ணாடியின் மேல் வட்டம் போட்டுப் போய்வந்தது. ஓரம் வரை போய், மூலையில் ஒரு திருப்புத் திருப்பி, திரும்பவும் நடுவுக்கு வந்து முடித்தது.

வண்டிக்காரன் எழுந்து வந்து பார்த்தான். கண்ணாடி இருக்கிற இடமே தெரியவில்லை. திருப்தியாகத் தலையை ஆட்டினான். முதலாளி ஷட்டரைத் தூக்கினார். சாயங்கால வெளிச்சம் உள்ளே வந்தது.

கண்ணாடிக்காரர் அங்கேயே நின்றார். இடது கையில் இறுக்கிப் பிடித்திருந்த துணியில் தம்பியின் பழுப்பு இளகி அவருடைய சிவப்போடு கலந்து, விரல் இடுக்குகள் வழியாக வெளுத்த நிறத்தில் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.